இடுப்பு வலியால் வேலை நின்ற ஒரு செவிலி உதவியாளர்: ரீயூனியனிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

இடுப்பு வலிக்குப் பல்துறைச் சிகிச்சை என்றால் நாலைந்து நிபுணர்கள் பார்ப்பது என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படிப் பார்த்தால், இந்தக் கட்டுரையில் வரும் அக்கா எங்களிடம் வருவதற்கு முன்பே அதை முடித்துவிட்டார். குடும்ப மருத்துவர், எலும்பு மருத்துவர், ஒரு பிசியோ, எலும்பையும் மூட்டையும் கையால் அழுத்திச் சரிசெய்யும் ஒரு ஆஸ்டியோபாத், மூலிகைக் கஷாயம் தரும் உள்ளூர் வைத்தியர், போதாக்குறைக்குக் காரைக்காலிலிருந்து எண்ணெய் அனுப்பி வாட்ஸப்பில் தேய்க்கும் முறை சொன்ன அம்மா. ஆளுக்கொன்று சொன்னார்கள். ஏழு மாதம் கழிந்தும் வலி அப்படியே இருந்தது. வேலைதான் கையை விட்டுப் போகும் நிலைக்கு வந்திருந்தது.

நான் இந்தியப் பெருங்கடலில் பிரான்ஸின் ஒரு பகுதியாக இருக்கும் ரீயூனியன் தீவின் வடக்கே ஒரு மறுவாழ்வு மையத்தில் பிசியோவாக வேலை செய்கிறேன். அவருடைய ஒப்புதலோடுதான் இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வரலாறு

வயது 46. பிறந்தது காரைக்கால், அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய சொல்தா. ரீயூனியனில் பிறந்த தமிழ் வம்சாவளிக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு இருபது வருடத்துக்கு முன் இங்கே வந்தார். வீட்டில் கணவரோடும் பிள்ளைகளோடும் தீவின் பேச்சுமொழியான கிரியோல், வேலையில் பிரெஞ்சு, அம்மாவோடு போனில் தமிழ். தீவின் கிழக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் 14 வருடமாகச் செவிலி உதவியாளர். கட்டிலிலிருந்து சக்கர நாற்காலி, நாற்காலியிலிருந்து கழிவறை, மறுபடி நாற்காலி என்று ஆளை மாற்றுவதுதான் காலை ஷிப்டின் பெரும்பகுதி. இரண்டு பேர் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை. ஒருவர் லீவு போட்டால் மற்றவர் தனியாகச் செய்வார்.

அக்டோபரில் அப்படி ஒரு நாள். குளியலறையில் கால் இடறிய மூதாட்டி ஒருவர் கீழே விழுந்துவிடாமல் இவர் இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். மூதாட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. இவருக்கு இடுப்பில் சுரீரென்றது. இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று யாரிடமும் சொல்லவில்லை. நாலாம் நாள் கட்டிலை விட்டு எழ முடியவில்லை.

இந்த நாலு நாள் மௌனம் அவருக்கு நிறையச் செலவு வைத்தது. பிரெஞ்சு விதிப்படி, வேலை விபத்தை ஊழியர் 24 மணி நேரத்துக்குள் முதலாளிக்குச் சொல்ல வேண்டும். முதலாளி 48 மணி நேரத்துக்குள் காப்பீட்டு நிதியத்துக்கு அறிவிக்க வேண்டும். இங்கே அது நடக்கவில்லை, எனவே விடுப்பு சாதாரண நோய் விடுப்பாகப் பதிவானது. வேலை விபத்தாக இருந்திருந்தால் முதல் 28 நாளுக்குத் தினச் சம்பளத்தில் 60 சதவீதமும் பிறகு 80 சதவீதமும் வந்திருக்கும். சாதாரண நோய்க்கு முதல் மூன்று நாளுக்கு ஒன்றுமில்லை, அதன்பின் 50 சதவீதம். முதலாளி சேர்த்துத் தந்த மேல்தொகையும் சில மாதத்தில் நின்றுவிட்டது. வீட்டுக் கடன் தவணை நிற்கவில்லை. சிகிச்சைக் கட்டுரையில் இந்தக் கணக்கு எதற்கு என்று கேட்கலாம். முதல் நாள் ‘எங்கே வலிக்கிறது’ என்று கேட்டபோது அவர் கைகாட்டியது இடுப்பை, பேசியதெல்லாம் தவணையைப் பற்றி.

அந்த ஏழு மாதத்தில் அவருக்குக் கிடைத்த ஆலோசனைகளை அவரே ஒரு பள்ளி நோட்டில் எழுதி வைத்திருந்தார். ஓய்வெடுங்கள், டிராமடால் (ஓபியாய்டு எனும் அபின் வகை வலி மருந்து) போடுங்கள் என்றார் குடும்ப மருத்துவர். எம்.ஆர்.ஐ.யைப் பார்த்த எலும்பு மருத்துவர், டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு நடுவிலுள்ள மெத்தை) தேய்ந்திருக்கிறது, இனி கனம் தூக்கவே கூடாது என்றார். பிசியோ சூடு வைத்து, மின்தூண்டல் கருவியை ஒட்டி, குப்புறப் படுக்கச் சொன்னார். இடுப்பெலும்பு ஒரு பக்கம் நகர்ந்திருக்கிறது என்று ஆஸ்டியோபாத் சொன்னார். மருந்துக்கடையில் ஒரு பெல்ட் வாங்கினார். எங்களிடம் வந்த நாளிலும் அது இடுப்பில் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர், ஆபரேஷன் பண்ணிய தன் மச்சானுடைய கதையைச் சொன்னார். கஷாயத்தைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. அந்தப் பட்டியலில் ‘நடந்தா நல்லது’ என்று சொன்னவர் அந்த வைத்தியர் ஒருவர்தான்.

மூன்றாம் மாதம் ஒருமுறை வேலைக்குத் திரும்பிப் பார்த்தார். முழு நேரம், அதே தளம், அதே நோயாளிகள். அறுபது நாளுக்கு மேல் நோய் விடுப்பில் இருந்தவர் திரும்பியதும் எட்டு நாளுக்குள் பணியிட மருத்துவரைச் சந்திக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்தச் சந்திப்புக்குத் தேதி கிடைப்பதற்குள் இவர் மறுபடி படுத்துவிட்டார். ஒன்பது நாள்தான் தாங்கியது.

பரிசோதனை

முதலில் ஆபத்துக் குறிகளைத் தேடினோம். காய்ச்சல், எடைக் குறைவு, புற்றுநோய் வரலாறு, இரவில் மட்டும் கூடும் வலி, கால்களில் பலவீனம், தொடையிடுக்கில் மரத்துப்போதல், சிறுநீர் மலம் அடக்க முடியாமை: எதுவும் இல்லை. காலை நேராக உயர்த்தும் சோதனையில் நரம்பு வலி வரவில்லை. அனிச்சைகளும் உணர்வும் சரியாக இருந்தன. எம்.ஆர்.ஐ.யில் கீழ் இரண்டு டிஸ்க்குகளில் நீர்ச்சத்து குறைந்திருந்தது, கடைசி டிஸ்க்கில் லேசான புடைப்பு. நரம்பு எங்கும் அழுந்தவில்லை. மூன்று மாதத்தைத் தாண்டிய, குறிப்பிட்ட காரணம் சொல்ல முடியாத, சாதாரண நாள்பட்ட இடுப்பு வலி என்று பதிவு செய்தோம்.

எண்கள்: வலி பத்துக்கு 7. இடுப்பு வலி அன்றாட வேலைகளை எவ்வளவு தடுக்கிறது என்று அளக்கும் ஈஃபெல் வினாத்தாளில் (ரோலண்ட்-மோரிஸ் வினாத்தாளின் பிரெஞ்சு வடிவம், 24 என்றால் மிக மோசம்) 16. நின்றபடி குனிந்தால் விரல் நுனிக்கும் தரைக்கும் 38 செ.மீ. மேசை விளிம்பில் குப்புறப் படுத்து மேலுடலை அந்தரத்தில் நிறுத்தும் சோரன்சென் சோதனையில் 22 நொடி. தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்கு 5 கிலோவுக்கு மேல் தூக்க மறுத்தார். மறுத்தார் என்பதுதான் சரியான சொல், முயன்று தோற்கவில்லை. வேலை தன் இடுப்பைக் கெடுக்கும் என்ற பயத்தை அளக்கும் வினாத்தாளில் 42-க்கு 36. பதற்ற அளவு 21-க்கு 13, மனச்சோர்வு 9. இரவில் நாலைந்து மணி நேரத் தூக்கம்.

எண்களைவிட எனக்கு அதிகம் சொன்னது அவர் செருப்பைக் கழற்றிய விதம். வார் வைத்த செருப்பு. குனிந்தால் ஒரு நொடி வேலை. அவர் முதலில் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தார். மூச்சை இழுத்து அடக்கினார். முதுகைப் பலகை மாதிரி விறைப்பாக வைத்துக்கொண்டு, மற்றொரு பாதத்தின் பெருவிரலால் வாரைத் தள்ளித் தள்ளி அவிழ்த்தார். அவிழ்ந்த பிறகுதான் மூச்சை விட்டார். நெற்றியில் வேர்த்திருந்தது. இதையே ஒரு நாளில் எத்தனை தடவை செய்கிறார் என்று நினைத்துப் பாருங்கள். அந்த முதுகுத் தசைகளுக்கு ஏழு மாதமாக ஓய்வும் இல்லை, வேலையும் இல்லை. எப்போதும் இறுக்கம் மட்டும்.

என்ன ஆசை என்று கேட்டோம். இலக்கு நோயாளியுடையதாக இருக்க வேண்டும் என்பது எங்கள் குழுவின் வழக்கம். “கோயில்ல எல்லாரோடயும் தரையில உக்காந்து இலையில சாப்பிடணும் தம்பி. இப்ப எனக்கு மட்டும் ஓரமா நாற்காலி போடுறாங்க” என்றார். அப்புறம், தைப்பூசத்துக்குப் பால்குடம். வேலையைப் பற்றித் தானாகச் சொல்லவில்லை. கேட்டதற்கு, “போகணும், ஆனா அங்க போனா மறுபடி உடைஞ்சிரும்” என்றார்.

எல்லோருக்கும் ஒரே பேச்சு

எங்கள் திட்டம் ஐந்து வாரம், திங்கள் முதல் வெள்ளி வரை, பகல் முழுக்க. இரவு வீட்டுக்குப் போய்விடலாம். 1980-களில் டாலஸில் டாம் மேயர் குழு தொடங்கிய செயல்திறன் மீட்பு முறையின் பிரெஞ்சு வடிவம் இது. குழுவில் மறுவாழ்வு மருத்துவர், பிசியோ, அன்றாட வேலைகளை மறுபடி பழக்கும் தொழில்வழிச் சிகிச்சையாளர், உளவியலாளர், உடற்பயிற்சி ஆசிரியர், சமூகப் பணியாளர். வெளியிலிருந்து பணியிட மருத்துவர். இந்த அக்கா சேர்ந்த குழுவில் ஆறு நோயாளிகள்: ஒரு லாரி ஓட்டுநர், ஒரு கொத்தனார், பள்ளிக் கேன்டீன் சமையல்காரர், வங்கி ஊழியர், சொந்த நிலத்தில் கரும்பு வெட்டும் ஒருவர், இவர்.

முதல் நாள் நோயாளி இல்லாமல் குழு மட்டும் உட்கார்ந்து பேசியது. அவருடைய நோட்டு மேசையில் இருந்தது. அதில் இருந்த ஆலோசனைகள் ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் ஏதோ ஒரு நியாயத்தோடுதான் சொல்லப்பட்டிருக்கும். சேர்த்துப் படித்தால், எந்த அசைவும் ஆபத்து என்ற ஒரே செய்திதான் மிஞ்சியது. நாம் ஏழாவது, எட்டாவது குரலாகச் சேர்ந்துவிடக் கூடாது. அதனால் என்ன சொல்வது என்று வார்த்தை வார்த்தையாக முடிவு செய்தோம்: முதுகெலும்பு உறுதியாக இருக்கிறது. வலி நிஜம். அசைவதால் சேதம் ஆகாது. பழக்கம் விட்டுப்போன உடம்பைப் படிப்படியாகப் பழக்கலாம். மருத்துவரிலிருந்து வரவேற்பறையில் இருப்பவர் வரை இதைத் தாண்டி ஒருவரும் புதிதாக விளக்கம் தரக் கூடாது. ‘பார்த்து, மெதுவா’ என்று பழக்கதோஷத்தில் சொல்வதுகூடக் கூடாது. இது கேட்க எளிது. நடைமுறையில் முதல் வாரம் நாங்கள் ஒருவரையொருவர் திருத்திக்கொண்டே இருந்தோம்.

எம்.ஆர்.ஐ. படத்தை மருத்துவரே அவரோடு உட்கார்ந்து மறுபடி பார்த்தார். வலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்த ஆய்வுகளை எல்லாம் திரட்டி 2015-ல் ஒரு தொகுப்பு வெளிவந்தது. அதன்படி, இடுப்பு வலி இல்லாத 40 வயதுக்காரர்களில் 68 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் தெரியும், பாதிப் பேருக்குப் புடைப்பு தெரியும். 50 வயதில் அது 80, 60 சதவீதமாகிறது. அதாவது இவருடைய படம் இவர் வயதுக்கான படம். கேட்டதும் அவர் சந்தோஷப்படவில்லை, கோபப்பட்டார். “அப்ப நான் வலிக்குதுன்னு சொல்றது பொய்யா?”

இந்தக் கேள்வி வந்தால் நல்லது, அவர் காதுகொடுத்துக் கேட்கிறார் என்று அர்த்தம். மருத்துவர் பிரெஞ்சில் விளக்கியதை நான் தமிழில் இன்னொரு தரம் சொன்னேன். திருடன் வந்துபோன வீட்டு நாய், அப்புறம் இலை விழுந்தாலும் குரைக்கும். குரைப்பது நிஜம், நாய்மேல் தப்பில்லை, ஆனால் ஒவ்வொரு தடவையும் திருடன் வந்திருக்கிறான் என்று அர்த்தமில்லை. நரம்பு மண்டலம் அப்படிப் பழகிவிடுகிறது. அவர் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, “சரி, அந்த நாயை எப்படி அமத்துறது?” என்றார். ஐந்து வாரமும் அதற்குத்தான்.

ஐந்து வாரங்கள்

காலையில் சூடேற்றும் பயிற்சி, நீட்டல், தசை வலுவூட்டல். மதியம் சைக்கிள், நடை, நீச்சல் குளம், தூக்குப் பயிற்சி. எல்லாம் ஒதுக்கீட்டு முறையில். முதல் இரண்டு நாளில் அவரால் சௌகரியமாகச் செய்ய முடிந்த அளவை எடுத்து, அதற்குக் கொஞ்சம் கீழே தொடங்கி, முன்கூட்டியே எழுதிய அட்டவணைப்படி ஏற்றினோம். வலி குறைந்த நாளில் கூடுதலாகச் செய்யக் கூடாது, கூடிய நாளில் நிறுத்தவும் கூடாது. பலருக்கு முதல் விதிதான் கஷ்டம். கரும்புக்காரர் மூன்றாம் நாளே இரண்டு நாள் ஒதுக்கீட்டையும் முடித்துவிட்டு, வியாழக்கிழமை நிமிர முடியாமல் வந்தார். அவரைப் பார்த்து அக்கா சிரித்தார். சேர்ந்த நாள் முதல் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

பெல்ட்டை நாங்கள் பிடுங்கவில்லை. பயிற்சி அறையில் கழற்றுங்கள், பேருந்தில் வேண்டுமானால் போடுங்கள் என்றோம். இரண்டாம் வாரம் பையில் இருந்தது. மூன்றாம் வாரம் பையிலும் இல்லை. டிராமடாலை மருத்துவர் குடும்ப மருத்துவரோடு பேசிப் படிப்படியாகக் குறைத்து நாலாம் வாரத்தோடு நிறுத்தினார். உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல், நாள்பட்ட இடுப்பு வலிக்குப் பெல்ட், இழுவை, மின்தூண்டல், ஓபியாய்டு மருந்துகள் ஆகியவற்றை வழக்கமாகத் தர வேண்டாம் என்கிறது. அந்த நோட்டின் பாதி இதிலேயே அடிபட்டுவிடும்.

இரண்டாம் வாரக் கடைசியில் வலி முற்றியது. 10 கிலோ தூக்கிய மறுநாள், பத்துக்கு 9. அழுதுகொண்டே வந்தார், ‘சொன்னேன்ல’ என்ற முகம். எல்லாச் சிகிச்சையும் ஏதாவது ஒரு நாள் இந்த இடத்துக்கு வந்து நிற்கும், வழக்கமாக இங்கேதான் உடையும். மருத்துவர் பத்து நிமிடம் பரிசோதித்தார். புதிதாக எதுவும் இல்லை. அன்றைய ஒதுக்கீடு பாதியாக்கப்பட்டது, ரத்தாகவில்லை. மறுநாள் முக்கால். திங்கட்கிழமை பழைய இடம். இடையில் ஒருவர் கனிந்து ‘நாலு நாள் ரெஸ்ட் எடுங்க’ என்று சொல்லியிருந்தால், முந்தைய ஏழு மாதத்தை மறுபடி தொடங்கியிருப்போம். நாலாம் வாரம் பத்து கிலோ அரிசி மூட்டையைத் தரையிலிருந்து எடுத்து அலமாரியில் வைத்தார். எடையைப் பெயர் தெரியாத இரும்புத் தட்டாகத் தருவதைவிட வீட்டிலிருக்கும் அரிசி மூட்டையாகத் தருவது நல்லது.

உளவியலாளரிடம் என்ன பேசினார் என்பதில் பெரும்பகுதி இங்கே வேண்டாம். சிகிச்சைக்குத் தேவையானது இரண்டு. ஒன்று, அன்று அந்த மூதாட்டியைத் தான் தனியாகக் கூட்டிப் போனது விதிக்கு மாறானது, அதனால் புகார் வரும் என்ற பயம். விபத்தைச் சொல்லாததற்கும் அதுதான் காரணம். இரண்டு, சக ஊழியர்கள் பேசுவது காதுக்கு வந்துகொண்டிருந்தது: “வீட்ல சும்மா உக்காந்து சம்பளம் வாங்குறா.” வேலைக்குத் திரும்புவது என்றாலே அவர் மனதில் முதலில் வந்தது அந்த முகங்கள்தான்.

மூன்றாம் வாரம் கணவரை அழைத்தோம். நல்ல மனிதர். மனைவியைத் துடைப்பம் தொட விடுவதில்லை, துணி அவரே துவைக்கிறார், மார்க்கெட் பை அவரே தூக்குகிறார். ‘குனியாதே’ என்று ஒரு நாளைக்குப் பல தடவை சொல்கிறார். நாங்கள் அதை விடச் சொன்னதும் முகம் வாடிவிட்டது. “அப்போ நான் உதவி செய்யக் கூடாதா?” என்று கிரியோலில் கேட்டார். வேலையைப் பிரித்து எழுதினோம். பெருக்குவது, பாத்திரம், சின்னப் பைகள் அக்காவுக்கு. அவர் கேட்டால் மட்டும் உதவி. ‘குனியாதே’ வீட்டில் தடை. வீட்டில் யாருக்கும் இது பிடிக்கவில்லை, மாமியாருக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. நோய்வாய்ப்பட்ட மருமகளை வேலை வாங்குகிறார்கள் என்று ஊர் பேசும் என்பது அவர் கவலை. நியாயமான கவலைதான்.

வேலையிடம்

என் கணிப்பில் இந்த நிகழ்வு திரும்பிய இடம் இது. பயிற்சி அறையில் நடந்ததெல்லாம் இதற்கு முன்னேற்பாடு.

முப்பது நாளுக்கு மேல் விடுப்பில் இருப்பவர், திரும்புவதற்கு முன்பே பணியிட மருத்துவரைச் சந்திக்கக் கேட்கலாம். 2022-க்கு முன் மூன்று மாதம் ஆகியிருக்க வேண்டும். முதல் வாரத்திலேயே எங்கள் மருத்துவர் அதற்கு எழுதினார். வேலையை மாற்றியமைக்கச் சொல்லும் அதிகாரம் இந்த நாட்டில் பணியிட மருத்துவருக்குத்தான் இருக்கிறது. நாங்கள் எவ்வளவு நீளமாகக் கடிதம் எழுதினாலும் முதலாளிக்கு அது ஆலோசனைதான். அந்த மருத்துவரும் எங்கள் தொழில்வழிச் சிகிச்சையாளரும் சேர்ந்து ஒரு காலை ஷிப்ட் முழுக்க அந்த இல்லத்தில் நின்று பார்த்தார்கள்.

அங்கே ஆளைத் தூக்கி மாற்றும் கருவி இருந்தது. துணித் தொட்டில், கை, சக்கரம், பேட்டரி எல்லாம் சேர்ந்த நடமாடும் வகை. இரண்டு தளத்துக்கு ஒன்று. சலவை அறைப் பாதையின் கோடியில் நிற்கும். காலை ஏழு மணிக்குப் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் சார்ஜ் இருக்காது, ஏனென்றால் இரவு ஷிப்டில் அதைச் செருக ஒருவருக்கும் பொறுப்பில்லை. கொண்டுவந்து, தொட்டிலை மாட்டி, தூக்கி, இறக்க ஐந்தாறு நிமிடம். கையால் தூக்கினால் ஒரு நிமிடம். பத்தரைக்குள் குளிப்பாட்டல் முடிய வேண்டும். இந்தக் கணக்கில் கருவியை எவர் தொடுவார்? 14 வருடமாகத் தவறாகத் தூக்குகிறார் என்று ‘சரியாகத் தூக்கும் முறை’ பயிற்சி கொடுத்து அனுப்புவது எவ்வளவு அபத்தம் என்று அந்த ஒரு காலையில் தெரிந்தது. பெண் தொழிலாளி 25 கிலோவுக்கு மேல் சுமக்கக் கூடாது என்று பிரெஞ்சுத் தொழிலாளர் சட்டத்தில் இருக்கிறது. அந்தத் தளத்தில் 25 கிலோவுக்குக் கீழே ஒருவரும் இல்லை.

மாற்றியது இவ்வளவுதான். இரண்டாவது பேட்டரி வாங்கினார்கள். கருவி தளத்தின் நடுவிலேயே நிற்கும், சார்ஜ் போடுவது இரவு ஷிப்டின் பட்டியலில் கையெழுத்தோடு. அதிக உதவி தேவைப்படும் நாலு பேரை எப்போதும் இரண்டு ஊழியர் சேர்ந்து கருவியோடு மாற்றுவார்கள். அந்த நாலு பேரையும் வரிசையாகப் பார்ப்பதால் கருவி அங்கும் இங்கும் அலைய வேண்டாம். கட்டிலில் ஆளை மேலே இழுக்க வழுக்குத் துணி. இவர் ஒருவருக்காக இல்லாமல் எல்லோருக்கும் விதி என்று அறிவிக்கச் சொன்னது உளவியலாளர். அந்த யோசனை மிக முக்கியமானது. ‘அவளுக்கு மட்டும் சலுகை’ என்ற பேச்சுக்கு இடமில்லாமல் போனது.

நாலாம், ஐந்தாம் வாரங்களில் இதே வழுக்குத் துணி, இதே வகைக் கருவியை வைத்து எங்கள் மையத்தில் ஒத்திகை. லாரி ஓட்டுநர் நோயாளியாகப் படுத்தார், நல்ல கனம். சமூகப் பணியாளர் சிகிச்சை நோக்கிலான பகுதிநேர வேலைக்கு ஆவணங்களைச் சரிசெய்தார்: அரை நாள் ஆறு வாரம், பிறகு 80 சதவீதம் ஆறு வாரம், குறைந்த சம்பளத்தைக் காப்பீடு ஓரளவு ஈடுசெய்யும். விபத்தைப் பிந்தியும் பதிவு செய்யத் தொழிலாளிக்கே உரிமை உண்டு என்பதையும் சொன்னார். சாட்சி இல்லாமல் போராட விருப்பமில்லை என்று அக்கா விட்டுவிட்டார். தொழில்சார் நோயாகப் பதியும் வழியும் அடைபட்டிருந்தது. பிரெஞ்சுத் தொழில்நோய் அட்டவணைகளில், சுமை தூக்குவதால் வரும் இடுப்பு நோய்களுக்கான 98-ம் அட்டவணையில் ஆளைத் தூக்கும் பராமரிப்புப் பணியும் இருக்கிறது, ஆனால் அதற்கு டிஸ்க் பிதுங்கி அதே இடத்து நரம்பு வலியும் இருக்க வேண்டும். இவருக்கு அது இல்லை.

முடிவுகள்

திட்டம் முடிந்த நாளில் வலி பத்துக்கு 5, ஈஃபெல் 9, விரல் தரை இடைவெளி 9 செ.மீ., சோரன்சென் 94 நொடி, தூக்கும் எடை 17.5 கிலோ. வேலை பயம் 36-லிருந்து 19. பத்து நாள் கழித்து, ஜூலையில், அரை நாள் வேலைக்குப் போனார். நவம்பரில் முழு நேரம். தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்தார். வெறுங்காலோடு தார் ரோட்டில் நடந்ததில் பாதம் கொப்பளித்தது, இடுப்பு ஒன்றும் சொல்லவில்லை என்று போன் செய்தார். இலைச் சாப்பாடு அதற்கு முன்பே நடந்துவிட்டது.

ஒரு முறை மட்டும் வலி திரும்பக் கூடியது. சூறாவளிக்குச் சிவப்பு எச்சரிக்கை விட்டால் இங்கே ஒருவரும் தெருவில் இறங்கக் கூடாது. ஷிப்டில் இருந்தவர்கள் இல்லத்திலேயே மாட்டிக்கொண்டார்கள். மின்சாரம் போய், இரண்டு பேட்டரியும் தீர்ந்து, ஒரு பகலும் இரவும் எல்லோரையும் கையால் மாற்றினார்கள். மறுநாள் அவருக்கு வலி 8. நாலு நாள் லீவு, வீட்டில் நடை, எங்கள் அட்டவணையின் முதல் பக்கத்திலிருந்து மறுபடி பயிற்சி, ஐந்தாம் நாள் வேலை. ஸ்கேனும் இல்லை, பெல்ட்டும் இல்லை. மருத்துவரைக்கூட அவர் போனில்தான் கேட்டார்.

ஒரு வருடம் முடிந்தபோது வலி பத்துக்கு 4, ஈஃபெல் 6. வலி போய்விடவில்லை என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

விவாதம்

இந்தப் படம் ஆராய்ச்சி சொல்வதோடு ஒத்துப்போகிறது. நாள்பட்ட இடுப்பு வலிக்கான பல்துறை மறுவாழ்வைப் பற்றி, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பு 41 ஆய்வுகளை, 6,858 பேரைப் பார்த்தது. வலி குறைவதில் மற்றச் சிகிச்சைகளைவிடக் கூடுதல் பலன் பத்துப் புள்ளி அளவுகோலில் சுமார் அரை முதல் ஒன்றரைப் புள்ளிக்குள்தான். உடல்சார்ந்த சிகிச்சை மட்டும் பெற்றவர்களோடு ஒப்பிட்டால் வேலையில் இருக்கும் வாய்ப்பு கிட்டத்தட்ட இருமடங்கு. ஆனால் வழக்கமான பராமரிப்போடு ஒப்பிட்டபோது வேலை விஷயத்தில் வித்தியாசம் தெரியவில்லை. பல்துறை என்று பெயர் வைத்தால் போதும் என்று நினைப்பவர்கள் இந்தக் கடைசி வரியைப் படிக்க வேண்டும்.

வேலையிடத்தைச் சிகிச்சைக்குள் கொண்டுவந்த ஆய்வுகள் வேறு மாதிரிப் பேசுகின்றன. கனடாவில் கியூபெக்கின் ஷெர்ப்ரூக்கில் 1997-ல் வெளிவந்த ஆய்வில், மருத்துவச் சிகிச்சையோடு வேலையிட மாற்றமும் சேர்ந்தவர்கள் வழக்கமான வேலைக்கு 2.4 மடங்கு வேகமாகத் திரும்பினார்கள். நெதர்லாந்தில் 134 பேரை வைத்துச் செய்து 2010-ல் வெளிவந்த ஆய்வில், ஒருங்கிணைந்த சிகிச்சை பெற்றவர்கள் நிலையாக வேலைக்குத் திரும்ப இடைநிலையாக (பாதிப் பேர் அதற்குள்) 88 நாள், வழக்கமான சிகிச்சையில் 208 நாள். வலியில் இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை.

ஒரு நோயாளியை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. நாங்கள் இல்லாமலும் அவர் தேறியிருக்கலாம். ஏழு மாதம் ஆனவர்களுக்கு அது அரிது, நடக்காதது இல்லை. எது வேலை செய்தது என்று பிரித்துச் சொல்லவும் வழியில்லை. ஆனால் அதே குழுவிலிருந்த கரும்புக்காரரை இவர் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அதே ஐந்து வாரம், அதே பேச்சு, அதே பயிற்சி. கடைசி நாளில் அவருடைய சோரன்சென் இவரைவிட அதிகம், பயமும் நன்றாக இறங்கியிருந்தது. அவருக்கு முதலாளி இல்லை, எனவே பணியிட மருத்துவரும் இல்லை, அரை நாள் வேலையும் இல்லை. நிலம் சரிவு, இயந்திரம் ஏறாது. ஆலை ஜூலையில் திறக்கிறது, டிசம்பர் வரை ஓடும். கரும்பு அவருக்காகக் காத்திருக்காது. முதல் வாரமே முழு நாள் கத்தி பிடித்தார், மூன்றாம் வாரம் படுத்தார். செப்டம்பரில் மறுபடி எங்கள் மருத்துவரைப் பார்க்க வந்தபோது நிலத்தில் பாதியைத் தம்பியிடம் ஒப்படைத்திருந்தார். அவருடைய சரிவு நிலத்துக்கு ஒரு பேட்டரி வாங்கித் தர எங்கள் குழுவில் ஆள் இல்லை.

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பணியிட மருத்துவர் என்ற ஏற்பாடு பெரும்பாலான தொழிலாளர்களுக்குக் கிடையாது, தெரியும். அங்கிருந்து படிக்கும் பிசியோக்கள் ‘எங்களுக்கு ஏது ஆறு பேர் குழு’ என்று கேட்பார்கள். குழு இல்லாமலும் இரண்டைச் செய்யலாம். நோயாளியைப் பார்க்கும் மருத்துவரும் பிசியோவும் போனில் பேசி ஒரே விளக்கத்துக்கு வரலாம். நோயாளியின் அனுமதியோடு மேஸ்திரியையோ சூப்பர்வைசரையோ கூப்பிட்டு, முதல் மாதம் எதை மாற்ற முடியும் என்று கேட்கலாம். எங்கள் நிகழ்விலும் மாற்றியவை விலை உயர்ந்தவை இல்லை.

அக்காவின் கோப்பு இன்னும் மூடப்படவில்லை. பன்னிரண்டு மணி நேர இரவு ஷிப்டுக்கு அவரைப் போடலாமா என்று இல்லம் கேட்கிறது. இரவில் தளத்துக்கு ஒரே ஊழியர், இரண்டு பேர் விதி அங்கே செல்லாது. பணியிட மருத்துவர் ஆறு மாதத்துக்கு மறுத்திருக்கிறார். இரண்டாவது ஊழியருக்கு இல்லத்திடம் பணமில்லை.